ராஜுலாவா, விமானமா: 1970இல் நாங்கள் போட்ட கணக்கு

"நான்கு மணி நேரத்தில் பறந்து வந்திருக்கலாமே தாத்தா, எதற்காக ஒரு வாரம் கப்பலில் கிடந்தீர்கள்?" என்று பேத்தி கேட்டாள். அந்தக் காலத்தில் விமானம் இல்லை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருந்தது. 1970இல் நாங்கள் மலேசியாவை விட்டு ஊர் திரும்பியபோது இரண்டும் எங்கள் முன்னால் இருந்தன. முடிவெடுக்கும் வேலையை அப்பா என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் கப்பலைச் சொன்னேன்.

அப்பா கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது மலேசியக் குடியுரிமை இல்லாதவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று ஆனபிறகு, தோட்டம் தோட்டமாக ஆட்கள் பெட்டி கட்டினார்கள். நாங்கள் ஐந்து பேர்: அப்பாயி, அப்பா, அம்மா, தங்கை, நான். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம்.

வேகத்தில் விமானத்தோடு கப்பல் போட்டி போட முடியாது. டிக்கெட் விலையில், அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே பாய் விரித்துப் போகிற டெக் வகுப்போடு விமானம் போட்டி போட முடியாது. இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டோம். அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுவதும் சாமான்களைப் பற்றியது.

முதலில் கப்பலைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ராஜுலா, 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. எட்டாயிரம் டன்னுக்குச் சற்று மேல். தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது என்பதை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. கூடப்பிறந்த கப்பல் ரோனா, உலகப் போரில் 1943 நவம்பரில் அல்ஜீரியக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அதோடு போனார்கள். ராஜுலாவும் போர் வேலை பார்த்தது, பிழைத்து வந்து மறுபடி நம் ஆட்களை ஏற்றத் தொடங்கியது. அப்பா பிறந்ததும் 1926தான். "நானே இன்னும் ஓடுகிறேன், அது ஓடாதா?" என்பார்.

சிங்கப்பூரில் கிளம்பி, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), பினாங்கு தொட்டு, நாகப்பட்டினம், அப்புறம் சென்னை. மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் போகும். பினாங்கை விட்டால் நாகைக்கு நான்கு நாளுக்கு மேல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான்.

இப்போது சாமான்கள். விமானத்தில் சாதாரண வகுப்பில் ஆளுக்கு 20 கிலோ. ஐந்து பேருக்கு 100. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் வகுப்பு டிக்கெட் விலையில் நூற்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. நாம் பின்னால் உட்கார்ந்து போனாலும் பெட்டிக்கு மட்டும் முதல் வகுப்புக் கணக்கு.

தோட்டத்தில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டையே ஏற்றி நிறுத்தோம். கால் மிதி வைத்த சிங்கர் தையல் இயந்திரம். நான்கு டிரங்குப் பெட்டி. அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள். அப்பாவின் சைக்கிள். மெத்தை, தலையணை, சாமி படங்கள், தங்கையின் பள்ளிக்கூடப் புத்தகங்கள். கடைசியாக அப்பாயியின் அம்மி. எல்லாம் சேர்த்து ஏழு பிக்குலுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 410 கிலோ. நூறு போனால் மிச்சம் 310. நூற்றுக்கு ஒன்று வீதம் கணக்குப் போட்டால் மூன்று முதல் வகுப்பு டிக்கெட்டுக்கும் மேல் போகிறது. சாமான்கள் காலை நீட்டிக்கொண்டு முன்னால் வர, நாங்கள் ஐந்து பேரும் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

விற்றுவிட்டுப் போகலாமே என்று எளிதாகக் கேட்கலாம். அக்கம்பக்கத்தில் நல்ல மனதோடு கேட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு லயமே, தோட்டத்து வீட்டு வரிசையே, காலியாகிறபோது யார் வாங்குவது? எங்கள் வரிசையில் மட்டும் அந்த மாதம் மூன்று தையல் இயந்திரங்கள் விலைக்கு வந்தன. எங்களுடையதற்கு ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு அம்மா அதன் மேல் துணியைப் போர்த்தி மூடிவிட்டார். அதே இயந்திரத்தை ஊரில் புதிதாக வாங்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஊரில் வேலை நிச்சயமில்லை. அம்மா தைத்தால்தான் முதல் ஆறு மாதம் ஓடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆக, அந்த இயந்திரத்தைக் கொண்டுபோவது சாமான் ஆசையில் சேராது. அது பிழைப்பு.

அம்மி மட்டும் 38 கிலோ. அதை விட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். 1937இல் இதே ராஜுலாவில், பன்னிரண்டு தாண்டாத அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாயி கொண்டுவந்த கல் அது. "வந்த கல்லை விட்டுவிட்டு நான் மட்டும் எதற்கடா போக வேண்டும்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. விமானக் கணக்கில் அந்தக் கல்லுக்கு முதல் வகுப்பு டிக்கெட்டில் முப்பத்தெட்டு சதவீதம் என்று சொல்லிப் பார்த்தேன். சதவீதத்தை அப்பாயி மதிக்கவில்லை.

நடுவழி ஒன்றும் இருந்தது: ஆட்கள் விமானத்தில், சாமான்கள் கப்பலில். பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று அப்படித்தான் போனது. அவர்களுக்குச் சுகமாக முடிந்ததா என்றால், பெட்டிகள் வரும்வரை சென்னையில் உறவினர் வீட்டில் காத்திருந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ரயிலேற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கோ கப்பல் நாகையில் நிற்கும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு லாரி போதும். விமானம் இறக்கிவிடுகிற சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு ஓர் இரவு ரயில். வடக்கே செங்கல்பட்டிலோ வேலூரிலோ வீடு இருந்திருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்கக்கூடும். தஞ்சைச் சீமைக்காரர்களுக்கு நாகைதான் வாசல்.

அந்த வாசலில் படி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நாகையில் கப்பல் கரைக்கு வராது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். பக்கவாட்டு ஏணியில் இறங்கிப் படகில் கால் வைக்க வேண்டும். படகு ஒரு நொடி காலுக்குக் கீழே இருக்கும், மறு நொடி ஓர் ஆள் உயரம் கீழே போய்விடும். மேலே எழும்பும்போது கால் வைக்க வேண்டும்; படகுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டேன். நாங்கள் பங்குனியில் வந்தோம், கடல் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் அப்பாயி இறங்க மறுத்தார். சாமான் வலையில் அம்மி கீழே போய்த் தோணியில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏணிக்கு வந்தார். பீங்கான் தட்டுகளில் பாதி உடைந்திருந்தன. வைக்கோல் வைக்காமல் கட்டியது நான்தான், கப்பலைக் குறை சொல்வதற்கில்லை.

கப்பலுக்குள்ளேயே இன்னொரு தேர்வு உண்டு: டெக்கா, இரண்டாம் வகுப்பு அறையா? அப்பாயிக்கும் அம்மாவுக்கும் அறை, எங்கள் மூவருக்கும் டெக் என்று எடுத்தோம். வீண் செலவு. அறையில் காற்றும் கட்டிலும் இருந்தன. பேச ஆள் இல்லை. இரண்டாம் நாள் காலையில் அப்பாயி பாயைச் சுருட்டிக்கொண்டு டெக்குக்கு வந்துவிட்டார். அங்கே டிரங்குப் பெட்டிகளைச் சுவராக வைத்து ஒவ்வொரு குடும்பமும் ஒரு வீடு கட்டியிருந்தது. நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் குடும்பம் ஒருபுறம், பேராக் தோட்டத்து ஆட்கள் மறுபுறம். எலுமிச்சை ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் பண்டமாற்று நடந்தது. அப்பாயிக்குப் பல்லாங்குழி ஆட ஜோடி கிடைத்தது. கடல் மயக்கத்தில் தங்கை மட்டும் முதல் இரண்டு நாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே படுத்திருந்தாள்; அவளைக் கேட்டால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி வரும்.

ஒரு சின்ன விஷயம். மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் அப்போது இரண்டு மணி நேர வித்தியாசம். கப்பலில் ராத்திரிக்கு ராத்திரி கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் தன் கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டு, "இன்னும் இவ்வளவு நேரம் பாக்கி" என்பார். முப்பத்து மூன்று வருடம் இருந்த நாட்டிலிருந்து அவர் கிளம்பிப் போக அந்த ஆறு நாள் தேவைப்பட்டது என்று எனக்குப் பின்னால் தோன்றியது. இதை விமானத்துக்கு எதிரான வாதமாக வைக்க மாட்டேன். எனக்கே தங்கையைப் போல வாந்தி வந்திருந்தால் இப்படித் தோன்றியிருக்காது.

அதே வழியில் ஓடிய ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் கப்பலில் நான் ஏறியதே இல்லை, ஆகவே ஒப்பிடவில்லை. விமானத்தைப் பற்றியும் ஒரே ஒரு பயணத்தை வைத்துத்தான் பேசுகிறேன். ராஜுலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, ரங்கத் என்று பெயர் மாறி, மறு வருடம் பம்பாயில் உடைபட்டது. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985 தீ விபத்தோடு நின்றது.

1974இல் மலேசியாவில் இருந்த சித்தப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. அம்மா தைத்துச் சேர்த்த பணத்தில் சென்னையிலிருந்து விமானத்தில் போனேன். ஆள் ஒருவன், பெட்டி ஒன்று. நிறுத்துப் பார்த்தார்கள்: 11 கிலோ.