புதுச்சொல் உடனே ஏறும் மின்னகராதி: நான்கு வழிகள், ஓர் அலசல்

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2008இல், மூன்றாவது 2020இல். அச்சு அகராதிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பார்த்தால் அந்த இடைவெளி நியாயமானதுதான். மின்னகராதிக்கு அப்படிக் காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் வெளியான நாளிலேயே உறைந்துபோகும் மின்னகராதிகள் நம்மிடம் நிறைய உண்டு. ஆளில்லை, பணமில்லை என்பார்கள். தரவை வைத்திருக்கும் விதம்தான் முதல் தடை என்பது என் எண்ணம். அகராதிச் செயலிகள் படிக்கும் ஸ்டார்டிக்ட் கோப்பு, எல்லோரும் சேர்ந்து எழுதும் இணைய அகராதியான விக்சனரி, விக்கித்தரவு என்ற திறந்த தரவுக் களஞ்சியத்தில் சொற்களைப் பதியும் லெக்சீம் முறை, எஸ்கியூலைட் என்ற மென்பொருளில் சொந்தமாகக் கட்டும் தரவுத்தளம் என்று நான்கு வழிகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

தேடும் வேகத்தில் ஸ்டார்டிக்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோப்பில் தலைச்சொற்கள் வரிசையாக இருக்கும். பொருள் இன்னொரு கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது சொல்லோடு ஒட்டியிருக்கும். கோல்டன்டிக்ட் போன்ற செயலிகள் இணையம் இல்லாமலே நொடியில் எடுத்துத் தரும். ஆனால் நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் பட்டியல் கோப்பை முழுதாக மறுபடி எழுத வேண்டும், சொல் எண்ணிக்கை பதிந்த தகவல் கோப்பையும் மாற்ற வேண்டும். அதைக் கணினி செய்துவிடும். புதிய கோப்பை ஒவ்வொரு பயனரும் மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டுமே, அதுதான் சிக்கல். தவிர, யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன வரும், ர-வுக்கு அடுத்து ற வரும், ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நிற்கும். அகராதி புரட்டிப் பழகிய கைக்கு அது ஒத்துவராது.

விக்சனரி இதற்கு நேர் எதிர். எவரும் எந்த நேரத்திலும் சேர்க்கலாம். யார் எப்போது மாற்றினார் என்பது பதிவாகும். தவறைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். புதுச்சொல் ஏறுவதற்கு இதைவிடத் திறந்த கதவு இல்லை. ஆனால் விக்சனரியின் அலகு ஒரு பக்கம், பக்கத்தின் பெயர் எழுத்துக்கூட்டல். நதியான ஆறு, எண்ணான ஆறு, சூடு தணிவதான ஆறு எல்லாம் ஒரே பக்கத்தில் குடியிருக்கும். கண்ணால் படிப்பவருக்கு இதில் தொல்லையில்லை. ஒருவர் வார்ப்புரு என்ற ஆயத்தக் கட்டத்திலும் இன்னொருவர் வெறும் வரியிலும் பொருள் எழுதியிருக்க, அதைப் பிரித்தெடுத்து வேறொரு செயலிக்குக் கொடுக்க முயல்பவருக்குத்தான் பாடு.

2018இல் வந்த லெக்சீம் முறை அந்தக் குறையைத் தீர்க்கிறது. தலைச்சொல், மொழி, சொல்வகை மூன்றும் கொடுத்தால் ஒரு பதிவு பிறந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு சொல்வடிவத்துக்கும் தனி எண் உண்டு. மூன்று ஆறும் மூன்று பதிவுகள். கட்டமைப்பு என்ற அளவில் நான்கிலும் இதுவே சிறந்தது. ஆனால் ஒரு வட்டாரச் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வருபவரிடம் எடுத்த எடுப்பில் சொல்வகையைக் கேட்கிறது. அங்கேயே பலர் நின்றுவிடுவார்கள்.

என் தேர்வு எஸ்கியூலைட். முழு அகராதியும் ஒரே கோப்பில் அடங்கும், தரவுத்தளத்துக்கென்று தனி சர்வர் வேண்டாம், சேர்ப்பது ஒரு வரி வேலை. மூன்று அட்டவணைகள் போதும்: சொல், எழுத்து வடிவம், பொருள். சொல்லுக்கு ஒரு எண் மட்டும். எழுத்துக்கூட்டல் அதன் கீழே, எத்தனை வேண்டுமானாலும். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தமிழில் இன்று வரும் புதுச்சொற்களில் பெரும்பகுதி கடன்சொல், அவை ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. போன், ஃபோன் இரண்டும் ஓடுகின்றன. சென்னையில் டிவி, யாழ்ப்பாணத்தில் ரீவி. இங்கே டொரண்டோ, அங்கே ரொறன்ரோ. எழுத்துக்கூட்டலையே அடையாளமாக வைத்தால் இரண்டில் ஒன்று எப்போதும் பிழையாக நிற்கும். எண்ணை அடையாளமாக வைத்தால் இரண்டுக்கும் சம உரிமை.

வினைகளைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வந்தான் என்று தேடினால் வா கிடைக்க வேண்டுமே என்ற கவலை சரிதான். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வினைகளுக்கு இட்ட வகை எண்களைப் போல ஓர் எண்ணைப் பதிந்துவைத்தால் வடிவங்களைக் கணினி நிரலே உண்டாக்கிவிடும். புதிய வினைகளோ பெரும்பாலும் ‘பண்ணு’, ‘செய்’ இரண்டின் முதுகில் ஏறித்தான் வருகின்றன. ‘டவுன்லோடு பண்ணு’ என்பதற்குப் புது விகுதி அட்டவணை தேவையில்லை. இடைவெளியுள்ள தலைச்சொல்லை ஏற்றுக்கொண்டால் போதும்.

எஸ்கியூலைட்டில் ஒரு பள்ளம் உண்டு. அதன் முழுவுரைத் தேடல் இயல்பு நிலையில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாது. ‘தமிழ்’ என்பதைத் ‘தம’, ‘ழ’ என இரண்டாக வெட்டிவிடும். அமைப்பில் குறி வகைகளையும் சேர்க்கச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். அகர வரிசைக்குத் அட்டவணையில் தனி நெடுவரிசை ஒன்று வைத்து, நம் வரிசைப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுத்து நிரப்பிவிடலாம். சேமிக்கும் முன் யூனிகோடு வடிவத்தைச் சீராக்குவதும் கட்டாயம்: கொம்பும் காலும் தனித்தனியாக வந்த ‘கொ’வும் ஒரே குறியாக வந்த ‘கொ’வும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

சேர்க்கும் படிவத்தில் கட்டாயக் கட்டங்கள் மூன்று மட்டும் இருக்கட்டும்: சொல், கேட்ட ஊர், அது வந்த ஒரு வாக்கியம். சொல்வகையும் பொருள் விளக்கமும் பதிப்பாசிரியர் வேலை. பதிந்த சொல் ‘சரிபார்க்கப்படாதது’ என்ற குறியோடு அன்றே தேடலில் தெரிய வேண்டும். ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் வரிசையில் கிடந்தால் கொடுத்தவர் இரண்டாவது சொல்லோடு திரும்பி வரமாட்டார்.

இப்படிச் செய்வதால் மற்ற மூன்றையும் இழக்கவும் வேண்டாம். தரவுத்தளத்திலிருந்து வாரம் ஒருமுறை ஸ்டார்டிக்ட் கோப்பை உருவாக்கி இணையமில்லாத வாசகருக்குக் கொடுக்கலாம், சரிபார்த்த சொற்களை லெக்சீமாகவும் ஏற்றலாம். அதற்கு உரிமம் பொருந்த வேண்டும். விக்கித்தரவு எந்த நிபந்தனையும் இல்லாத பொதுக்கள உரிமத்தில் இயங்குகிறது. விக்சனரியோ பெயர் சுட்டி, அதே உரிமத்தில் பகிரச் சொல்கிறது. விக்சனரி விளக்கத்தை எடுத்து அப்படியே விக்கித்தரவில் போட முடியாது. ஆகவே முதல் சொல்லை வாங்குவதற்கு முன்பே படிவத்தின் அடியில் உரிமத்தை எழுதிவிடுங்கள். பிறகு மாற்ற நினைத்தால், சொல் கொடுத்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும்.