ஜிஆர்இ வெர்பல்: சொல் பட்டியலா, வாசிப்பா?

வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிற நம்ம ஊர் பொறியியல் மாணவர்களுக்குக் கணக்கு பெரிய தலைவலி இல்லை, வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதிதான் உதைக்கும். உடனே சீனியர் யாராவது 3,500 சொற்கள் அடங்கிய பிடிஎஃப் ஒன்றை அனுப்பிவைப்பார், 'ஏ'யிலிருந்து மனப்பாடம் ஆரம்பமாகும், 'சி' முடிவதற்குள் பலர் கைவிட்டுவிடுவார்கள். பட்டியலே வேண்டாம், தினமும் ஆங்கிலம் வாசித்தால் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் வாசிப்பின் பக்கம்தான், கையில் நான்கைந்து மாதமாவது இருந்தால்.

பட்டியலுக்கு இவ்வளவு பெயர் வந்ததே பழைய தேர்வினால்தான். அதில் எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தன, 'இதற்கு இது என்றால் அதற்கு எது' வகையும் இருந்தது. சொல் தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் போச்சு. 2011 ஆகஸ்டில் அந்த இரண்டையும் தூக்கிவிட்டார்கள். இப்போது வெர்பலில் 27 கேள்விகள், 41 நிமிடம், அதில் ஏறக்குறைய பாதி பத்தியைப் படித்துப் பதில் சொல்பவை. அங்கே பட்டியலால் பெரிய உதவி இல்லை.

மீதிப் பாதியான கோடிட்ட இடத்திலாவது காப்பாற்றுமா என்றால், அதுவும் அரைகுறைதான். ஆறு சொல் கொடுத்து இரண்டைத் தேர்வு செய்யச் சொல்லும் கேள்வியைப் பாருங்கள். வாக்கியம் 'ஆல்தோ' என்று ஆரம்பித்தால் பின்பாதி எதிர்ப்பக்கம் திரும்பும். ஆறு சொல்லுக்கும் பொருள் தெரிந்தவர்கூட இந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு, ஒரே பொருளுள்ள ஜோடி கண்ணில் பட்டவுடன் அதைத் தட்டிவிடுவார், பல நேரம் அந்த ஜோடியே பொறி. ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மார்க்கும் கிடையாது. அப்புறம் 'குவாலிஃபை' போன்ற சாதாரணச் சொற்கள்: தகுதி பெறுவது என்றே நமக்குப் பழக்கம், ஆனால் ஓர் ஆய்வாளர் தன் கருத்தை 'குவாலிஃபை' செய்கிறார் என்றால் அதற்கு ஒரு வரம்பு கட்டுகிறார் என்று அர்த்தம். இதெல்லாம் வாசிப்பில்தான் பழகும்.

வாசிப்பின் பெரிய குறை, பலன் தெரிய மாதக்கணக்காகும். ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் பட்டியலை எடுங்கள், ஆனால் 3,500 வேண்டாம், அடிக்கடி வரும் ஆயிரம் போதும், அதையும் ஆங்கி மாதிரி, சொற்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கேட்கும் செயலியில் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியத்தோடு படியுங்கள்.

எதை வாசிப்பது? 'இந்து தலையங்கம் படி' என்பார்கள். ஆங்கில வாசிப்பே புதிது என்றால் நல்ல ஆரம்பம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. ஜிஆர்இ பத்தியில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், எழுதியவர் இருவரில் யார் பக்கமும் முழுசாகச் சாயமாட்டார். அந்த நடை வேண்டுமென்றால் ஏயான், சயின்டிஃபிக் அமெரிக்கன் போன்ற ஆங்கில இதழ்களின் கட்டுரைகளுக்குப் போங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் பத்தி புரியவில்லை, திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

எந்த வழியில் போனாலும், தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்திருங்கள், ஒரே மூச்சில், கடிகாரத்தோடு எழுதுங்கள். தப்புக்கு மார்க் குறைக்கமாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடாதீர்கள்.