ஊட்டிக் குளிரில் பாப்பாவுக்குப் போர்வையா, ஸ்லீப்பிங் பேக்கா?

தை மாதத்து ஊட்டியில் ராத்திரி 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். பாட்டிமார் கைவசம் இருப்பது ஸ்வெட்டர், குல்லா, மேலே ஒரு கம்பளி. செலவில்லை, துவைப்பதும் சுலபம். ஆனால் குழந்தை காலை உதைத்தால் கம்பளி ஒன்று நழுவிப்போகும், இல்லை முகத்தை மூடும். முதலாவதில் குளிர், இரண்டாவதில் மூச்சுக்கே ஆபத்து. அதனால்தான் ஒரு வயது வரை தளர்வான போர்வையே வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

ஸ்லீப்பிங் பேக் என்பது கையில்லாத, கால்பக்கம் மூடிய பை. ஜிப் போட்டால் நழுவாது. கால் உதைக்க உள்ளே இடமும் இருக்கும். அது எவ்வளவு கதகதப்பு தரும் என்பதை 'டாக்' (tog) எண்ணால் குறிப்பார்கள்: அறை 16 முதல் 20 டிகிரி என்றால் 2.5 டாக், உள்ளே முழுக்கை பருத்திச் சட்டை போதும். விலைதான் கொஞ்சம் உறைக்கும். கழுத்தளவும் சரியாக இருக்க வேண்டும். பெரிதாக வாங்கினால் தலை உள்ளே போய்விடும், 'வளர்ந்ததும் போடலாம்' கணக்கு இங்கே ஆகாது.

என் ஓட்டு பைக்குத்தான். எதைப் போட்டாலும் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். குழந்தையின் உடல்சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும், அதை மூடினால் உடம்பு அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். கை சில்லென்று இருக்கிறதே என்று இன்னொரு சட்டை மாட்டாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வியர்த்திருந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும். அப்புறம், மூடிய அறைக்குள் கரியடுப்பு மட்டும் கூடவே கூடாது.