வாக்களிப்பு நிலையத்துக்கு ஐந்துக்கு நாலரை

சிங்கப்பூரில் 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் கிடைத்த வாக்களிப்புச் சேவையை, வேறெந்தச் சேவையையும் எடைபோடுவதுபோல் எடைபோட்டுப் பார்த்தேன்; தாராளமாக நாலரை தரலாம்.

காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை நிலையம் திறந்திருந்தது. அடையாள அட்டையைச் சரிபார்த்து, வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மறைவிடத்துக்கு அனுப்பும் வரை எங்கும் தடங்கல் இல்லை. அங்கே வைத்திருந்த பெருக்கல் குறி முத்திரையை அழுத்தினால் கட்டத்துக்குள் குறி தெளிவாக விழுகிறது. முத்திரை பிடிக்காதவர்கள் தங்கள் பேனாவையே பயன்படுத்தலாம். சீட்டில் தொடர் எண் இருப்பதால் யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடும் என்று இன்னமும் அஞ்சும் பெரியவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிடப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பாதுகாக்கப்பட்ட பின் அழிக்கப்படுகின்றன என்பதை நிலையத்தின் வாசலிலேயே நான்கு மொழியிலும் எழுதி வைத்தால் அந்த அச்சம் பாதியாவது குறையும்.

அரை மதிப்பெண் குறைவதற்குக் காரணம், முன்கூட்டியே வாக்களிக்க உள்ளூரில் வழியில்லாததுதான். வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொண்டவர்கள் 2023 அதிபர் தேர்தலிலிருந்து அஞ்சல்வழி வாக்களிக்கலாம். சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை போன்றோருக்கு இது பெரிய உதவி, ஏனெனில் வெளிநாட்டு வாக்களிப்பு நிலையம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஆனால் இங்கேயே வசித்து, அந்த ஒரு நாள் மட்டும் பயணத்தில் இருப்பவர் வாக்கை இழக்கிறார். தகுந்த காரணம் காட்டினால் வாக்களிக்காததால் நீக்கப்பட்ட பெயரை 50 வெள்ளிக் கட்டணமின்றி மீண்டும் பதிவேட்டில் சேர்க்கிறார்களே தவிர, போன வாக்கு போனதுதான். அமெரிக்காவில் 2020இல் 100 மில்லியனுக்கும் அதிகமானோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்தார்கள். அங்கே சில மாநிலங்களில், முன்கூட்டி வாக்களித்தோர் எந்தக் கட்சியில் பதிந்தவர்கள் என்ற கணக்கை வைத்தே கட்சிக்காரர்கள் கோட்டை கட்டிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லாரும் ஒரே நாளில் வருவதால், எல்லாப் பேச்சும் ஒரே வரிசையில் காதில் விழுகிறது. எனக்கு முன்னால் நின்றவர், சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது சேர்த்துக் குழுவாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறை மட்டும் இல்லையென்றால் இந்தியர் எவரும் ஜெயிக்க முடியாது என்று நண்பரிடம் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாடே வாக்களித்த 2023 அதிபர் தேர்தலில் இந்தியரான தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு பெற்று ஜெயித்தது அவருக்கு எப்படி மறந்ததோ தெரியவில்லை. அதைவிட என்னைச் சுட்டது, பின்னால் நின்ற தமிழ் அம்மாள் ஒருவரின் முணுமுணுப்பு: "நேத்து வந்து சிட்டிசன் ஆனவங்கல்லாம் இன்னைக்கு வரிசையில நிக்கிறாங்க." வாக்களிப்பு நாளில் கட்சிச் சின்னம் குத்திக்கொண்டு வந்தால் குற்றம், இப்படிப் பேசினால் தேர்தல் அதிகாரிக்கு அங்கே வேலையில்லை. ஆகவே இதற்காக நிலையத்தின் மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை.

இரவில் வெளியாகும் மாதிரி வாக்கு எண்ணிக்கையும் இந்தச் சேவையின் ஒரு பகுதியே. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் 100 சீட்டுகளை எடுத்துக் கணிக்கும் அதில் நான்கு விழுக்காட்டுப் புள்ளி வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி புதிய தொகுதிகளையும் பிடிக்கும் என்று நம்பியிருந்த என் மாமா, அந்த நான்கைத் தமக்குச் சாதகமாகவே கடைசி வரை கூட்டிக்கொண்டிருந்தார். முடிவில் ஆளும் மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காட்டு வாக்குகளுடன் 97 இடங்களில் 87ஐப் பிடித்தது.