பண்ணைக்குட்டைக்குத் தாள் விரிக்கப் பணம் கொடுக்கும் முன்

செம்மண்ணும் சுக்கான் கல்லும் கலந்த பல்லடம் பகுதி நிலத்தில், நீர் கசியாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் விரிக்காத பண்ணைக்குட்டையில் நீர் நெடுநாள் தங்காது என்பதால், அருகிலுள்ள நகரத்து நிறுவனம் ஒன்றிடம் அப்பணியை ஒப்படைத்தோம். 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) தடிமனுள்ள எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) கறுப்புத் தாள், ஐந்தாண்டு உத்தரவாதம் என்று விலைப்புள்ளியில் எழுதித் தந்தவர்கள், முழுப் பணமும் பெற்றபின் கொடுத்த ரசீதில் ‘பிளாஸ்டிக் ஷீட்’ என்று மட்டுமே குறித்திருந்தனர்.

குட்டை நிரம்பியதும் நாளொன்றுக்கு நான்கு விரற்கடை அளவுக்கு நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. கேட்டபோது, வெயிலில் ஆவியாகிறது என்றார்கள். நம் பகுதியில் கடுங்கோடையிலும் ஒரு நாளில் ஆவியாவது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. கரையில் ஒரு வாளியில் நீர் நிரப்பிக் கோடு போட்டு வைத்துப் பார்த்ததில், வாளி நீர் அரை விரற்கடைகூட இறங்கவில்லை.

அதன் பிறகே மிஞ்சிக் கிடந்த தாளில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட துண்டை வெட்டி, மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். எச்டிபிஇ நீரைவிடச் சற்றே இலேசானது. ஆகவே அந்த அளவுள்ள 500 மைக்ரான் தாள் ஏறத்தாழ 470 கிராம் இருக்க வேண்டும். எங்களுடையது 285 கிராம், அதாவது 300 மைக்ரான். தாளை இறக்கும்போதே, ஆட்கள் விரிக்கத் தொடங்குமுன், இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மறுக்கும் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.

இணைப்புகளின் நிலை இன்னும் மோசம். இரு தாள்கள் சேருமிடத்தை இரட்டைத் தடமாகச் சூட்டால் பற்றவைத்து, தடங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் காற்றை அடைத்து, அழுத்தம் குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. இவர்களோ கையில் பிடிக்கும் சூடுகாற்றுக் கருவியால் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இழுத்ததும் பிரிந்து வந்தது. கரைமேல் வாய்க்கால் வெட்டித் தாளின் விளிம்பைப் புதைக்காமல், கற்களை மட்டும் அடுக்கியிருந்ததால், காற்றடித்தபோது தாள் சரிவில் நழுவியது. தரையைச் சமன்செய்து மணல் பரப்புவதாகச் சொன்னதும் சொல்லோடு நின்றது; கோரைக் கிழங்கை அகற்றாமல் விரித்ததால் அதன் முளைகள் தாளைக் குத்திக்கொண்டு வெளியே வந்தன. (கோரையின் கூர்மைக்கு 500 மைக்ரானும் முழுப் பாதுகாப்பன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

உத்தரவாதத்தைக் காட்டியபோது, எலி கடித்திருக்கும், அது எங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்தனர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்போது புகார் அளித்துள்ளோம். பிழைப்புக்காகப் பயிர் செய்பவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். விலைப்புள்ளி, ரசீது, எடைபோட்ட தாள் துண்டு, பிரிந்த இணைப்பின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். இதே நிலையில் இருப்பவர்கள் பழைய தாளை எடுத்துப் போடுமுன் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.