பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக்ல ஐஸ் ஹாக்கி டிராஃப்ட்

2025 என்எச்எல் டிராஃப்ட், அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் டீமுங்க இளம் ஆட்டக்காரங்கள வரிசையா எடுக்கிற நிகழ்ச்சி, நம்ம கோலாலம்பூருக்கு சனிக்கிழமை காலை 7 மணி, நாங்க நாலு பேரும் லேப்டாப்போட வழக்கமான மாமாக்ல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) போய் உட்கார்ந்துட்டோம், அண்ணே கேட்காமலே பிளக் பாயிண்ட் பக்கத்துல மேசை போட்டு கொடுத்தாரு. ரொட்டி சானாய் ஓரமெல்லாம் மொறுமொறு, பருப்பு குழம்பு சூடு, தே தாரிக் நுரை கிளாஸ் விளிம்பு வரைக்கும். வைஃபை மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது, அத சரி பண்ணணும்.

சண்டையே டிராஃப்ட்ல இருந்த மேத்யூ ஷேஃபர்ங்கிற இளம் ஆட்டக்காரன் பத்தித்தான். காரை எலும்பு முறிஞ்சு அந்த சீசன்ல ஈரி ஓட்டர்ஸ்ங்கிற ஜூனியர் டீமுக்கு 17 மேட்ச்தான் ஆடினான், அத வச்சு எப்படி முதல் ஆளா எடுக்கிறதுன்னு மச்சான் கேட்டான். தடுப்பாட்டம் ஆடுற டிஃபன்ஸ்மேன் 17 மேட்ச்ல 22 பாயிண்ட் (கோலும் கோலுக்கு கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்திருக்கான்டா, அவன் திரும்பற வேகத்த பாருன்னு நான் கிளிப் போட்டு காட்டினேன். முதல் வாய்ப்பு வச்சிருந்த நியூயார்க் ஐலண்டர்ஸ் டீம் அவனையே முதல்ல எடுத்தாங்க! மூணு மணி நேரம் உட்கார்ந்தும் யாரும் எழுப்பல, கடைக்கு 5க்கு 4 மார்க்.