17 வருஷமாக ஓடும் பழைய செயின்சா: பார்ட்ஸ் தேடிய அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. காற்று மழையில் ஒடிந்து விழும் கிளைகளையும் நிழல் மரத்தைக் கழிக்கும்போது சேரும் கட்டைகளையும் அறுக்க, 17 வருஷத்துக்கு முன் ஓர் எஸ்டேட்டில் இருந்து இந்த மெஷினை வாங்கினேன். அப்போதே அது பழசு. மாடல் பேரைச் சொல்லிப் பார்ட்ஸ் கேட்டால் எந்தக் கடையிலும் இல்லை என்றுதான் பதில் வரும், நானும் இரண்டு வருஷம் அப்படியே கேட்டு அலைந்தேன்.

வழி காட்டியது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பேரிங் கடைக்காரர். "அண்ணா, மெஷின் பேரு எனக்கு வேண்டாம், பழைய ஆயில் சீலைக் கொண்டாங்க" என்றார். கொண்டுபோனேன். வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிராங்க் ஆயில் சீலை, அதாவது கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையத்தை, எடுத்துக் கொடுத்தார். பேரிங்கும் அப்படித்தான். முகத்தில் 6202 என்று இருந்தால் உள்விட்டம் 15 மில்லி, வெளிவிட்டம் 35, தடிமன் 11, எந்தக் கம்பெனி போட்டாலும் இதே அளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், சூட்டில் விரிய இடம் விட்ட பேரிங் அது.

செயின் வாங்கும்போது "18 இன்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து பாதியாக்கினால் பிட்ச். என்னுடையதில் தூரம் 19 மில்லி வந்தது, பாதி 9.5, அதாவது 3/8 இன்ச். செயின் சுற்றி ஓடும் நீளப் பட்டைதான் பார், அதன் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிமன் 1.5 மில்லி, அந்தப் பற்கள் மொத்தம் 68. இந்த மூன்றும் இருந்தால் ரோலில் இருந்தே வெட்டி ரிவெட் அடித்துக் கொடுப்பார்கள். தீட்ட 5.5 மில்லி உருட்டு அரம். ஸ்பார்க் பிளக் பி.பி.எம்.ஆர்.7ஏ, எங்கேயும் கிடைக்கிறது.

இனி எனக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. மேலே காற்று மெலிசு, ஆனால் பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விடும் அளவு பெட்ரோலையே மேலேயும் விடும். அதனால் சேலத்தில் டியூன் பண்ணிய மெஷின் மலையில் புகைந்து திணறும். நான் தோட்டத்தில் வைத்தே, கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் எச் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்து நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதே செட்டிங்கோடு கீழே சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணத்தில் மாமா தோப்பில் சாய்ந்த புளியமரத்தை அறுக்கக் கொண்டுபோனேன். கீழே காற்று அடர்த்தி, பெட்ரோல் போதவில்லை, டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் அந்தப் பெட்ரோலோடுதானே போகிறது, முக்கால் மணி நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. உயிரை வாங்கும் சத்தத்தோடு நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஒரு லேத்தில், பைக் மாதிரி சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி போர் பண்ணிவிடலாம் என்றார்கள். நல்லவேளை கொடுக்கவில்லை. இந்த சிலிண்டரின் உள்சுவர் அலுமினியத்தின் மேல் பூசிய மெல்லிய கடினப் பூச்சு, போர் போட்டால் பூச்சே போய்விடும். அஸ்தம்பட்டி பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பி, சுவரில் ஒட்டியிருந்த பிஸ்டன் அலுமினியத்தைப் பஞ்சில் ஆசிட் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்துக் கரைத்தெடுத்தார். பூச்சு பிழைத்திருந்தது. பிஸ்டனும் ரிங்கும் மட்டும் புதுசு. அதிலும் 48 மில்லி விட்டம் ஒன்றாக இருந்தால் போதாது, பிஸ்டனைக் கோக்கும் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் மையத்தில் இருந்து பிஸ்டன் தலை வரை உயரம், ரிங் தடிமன் எல்லாம் ஒத்துவர வேண்டும். முதலில் வந்த பிஸ்டனை உயரத்தில் வித்தியாசம் இருந்ததால் திருப்பி அனுப்பினோம்.

அதிலிருந்து மலைக்கு ஒரு செட்டிங், கீழே ஒரு செட்டிங், ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று ஆயில் கேன் மேலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் நின்றால், மெஷினைச் சாய்த்தால் ஐடில் வேகம் மாறினால், உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் சீல் வழியாகக் காற்று உள்ளே இழுக்கும். நான் கார்புரேட்டருக்குள் போடும் மெல்லிய சவ்வுகள் கொண்ட டயாஃப்ரம் கிட் இரண்டை வீணாக்கிய பிறகுதான் அது புரிந்தது. அப்புறம் இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் டயாஃப்ரமும் ஹோஸும் சீக்கிரம் விறைத்துவிடுகின்றன. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, நிற்கும் வரை ஓடவிட்டு வைக்கிறேன். அப்படி வைத்த பிறகு ஒரே கிட் மூன்று வருஷமாகத் தாங்குகிறது.

இன்னும் கிடைக்காதது கைப்பிடி அதிர்வைத் தாங்கும் ரப்பர். நாலில் ஒன்று பிளந்துவிட்டது, அரை மணி நேரம் பிடித்தாலே விரல் மரத்துப்போகிறது. பழைய ரப்பரின் உயரமும் போல்ட் அளவும் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு மறுபடி செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்க வேண்டும்.